திரையில் தெரிவது எல்லாம் ஆப்ஜெக்ட்தான்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "புரோகிராமிங் கற்றுக் கொள்ள எந்த சாப்ட்வேர் வாங்க வேண்டும்? எந்த கோர்ஸில் சேர வேண்டும்?" என்பது. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: எதுவும் வாங்க வேண்டாம். இப்போதைக்கு எதிலும் சேரவும் வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பிரவுசர் நிச்சயம் இருக்கும். அதைத் திறந்து எஃப்12 கீயை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

திரையின் ஓரத்திலோ அடியிலோ ஒரு புதிய பகுதி திறக்கும். இதற்கு டெவலப்பர் டூல்ஸ் என்று பெயர். "இது எஞ்சினியர்களுக்கு உரியது, நமக்கு எதற்கு?" என்று பலர் உடனே மூடி விடுகின்றனர். மூடாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இதில் நீங்கள் கற்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். வெப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு ஆப்ஜெக்ட். அதன் ஆட்ரிபியூட்களைப் படிக்கலாம், மாற்றலாம். இதைத் தெரிந்து கொள்வதால் இரண்டு பலன்கள். ஒன்று, புரோகிராமிங் என்றால் என்ன என்பது அரை மணி நேரத்தில் புரிந்து விடும். மற்றொன்று, உங்கள் பணம் பாதுகாப்பாக இருக்கும். இரண்டாவதைப் படித்து ஆச்சரியப்பட வேண்டாம். பின்னால் விளக்குகிறேன்.

மனப்பாடப் பட்டியல் வேண்டாம்

நம் ஊரில் எச்.டி.எம்.எல். கற்றுத் தரும் பெரும்பாலான இடங்களில் முதலில் ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். இமேஜ் டேகுக்கு எஸ்ஆர்சி, ஆல்ட், விட்த், ஹைட். லிங்க் டேகுக்கு ஹெச்ரெஃப். பாடி டேகுக்கு பிஜிகலர். மாணவர் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வார். இதில் பிஜிகலரும் ஃபாண்ட் டேகும் எச்.டி.எம்.எல்.5 வந்தபோது வழக்கொழிந்தவை என ஒதுக்கப்பட்டு விட்டன. இருந்தும் இன்றுவரை சில பாடப் புத்தகங்களில் அவை உட்கார்ந்திருக்கின்றன.

பிறகு இரண்டு மாதம் கழித்து ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரில் வேறு ஒரு பாடம் தொடங்கும். அதில் வேரியபிள், லூப், அலர்ட் பாக்ஸ் ஆகியவை வரும். முதல் பாடத்தில் படித்த டேகுக்கும் இரண்டாம் பாடத்தில் எழுதும் ஸ்கிரிப்டுக்கும் என்ன உறவு என்பதை யாரும் சொல்வதில்லை. இரண்டும் இரண்டு தீவுகளாக நின்று விடுகின்றன. நடுவில் உள்ள பாலம்தான் மிக முக்கியமானது என்பது என் கருத்து. அந்தப் பாலத்திலிருந்தே தொடங்கினால் மனப்பாடமே தேவையில்லை.

பாலம் எது?

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, சர்வரிலிருந்து வருவது வெறும் எழுத்துகள்தான். பிரவுசர் அந்த எழுத்துகளைப் படித்து, ஒவ்வொரு டேகுக்கும் மெமரியில் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. ஒரு டேகுக்குள் இன்னொரு டேக் இருந்தால், அந்த ஆப்ஜெக்டுக்குக் கீழ் இன்னொரு ஆப்ஜெக்ட். குடும்ப மரம் போல இது கிளை விட்டுச் செல்லும். இதற்கு டாக்குமெண்ட் ஆப்ஜெக்ட் மாடல், சுருக்கமாக டாம், என்று பெயர். நீங்கள் திரையில் பார்ப்பது இந்த மரத்தைத்தான். சர்வர் அனுப்பிய பைலை அல்ல.

டேகில் எழுதப்பட்டுள்ள ஒவ்வொரு ஆட்ரிபியூட்டும் இந்த ஆப்ஜெக்டுடன் ஒட்டிக் கொண்டு வருகிறது. அது மட்டுமல்ல, ஆட்ரிபியூட்டே தனியாக ஒரு ஆப்ஜெக்ட்தான். அதற்குப் பெயர் உண்டு, மதிப்பு உண்டு, தான் எந்த டேகுக்குச் சொந்தம் என்ற தகவலும் உண்டு.

செய்து பாருங்கள்

படித்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும். நோட்பேடைத் திறந்து ஒரே ஒரு டேக் எழுதுங்கள். கோண அடைப்புக்குறியைத் திறந்து இன்புட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, வேல்யூ என்று டைப் செய்து, சமக்குறி போட்டு, இரட்டை மேற்கோளுக்குள் மதுரை என்று ஆங்கில எழுத்துகளில் எழுதி, கோண அடைப்பை மூடுங்கள். சேவ் ஆஸ் சென்று, ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பைல் பெயரின் கடைசியில் புள்ளி எச்டிஎம்எல் என்று வரும்படி டெஸ்க்டாப்பில் சேவ் செய்யுங்கள். இப்போது அந்த பைலில் டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வரும். அதற்குள் மதுரை என்று இருக்கும்.

பாக்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து, மெனுவில் இன்ஸ்பெக்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். டெவலப்பர் டூல்ஸ் திறந்து, அந்த டேக் தேர்வு செய்யப்பட்டிருக்கும். இனி மேலே உள்ள கன்ஸோல் என்ற டேபுக்குச் செல்லுங்கள். இதுதான் நீங்கள் ஸ்கிரிப்ட் டைப் செய்யும் இடம்.

இங்கே ஒரு வசதி உண்டு. டாலர் குறியும் அதை அடுத்து பூஜ்யமும் டைப் செய்தால், நீங்கள் தேர்வு செய்த டேகின் ஆப்ஜெக்ட் என்று பொருள். அதன் பின் ஒரு புள்ளி வைத்து ஆட்ரிபியூட்ஸ் என்று ஆங்கிலத்தில், பன்மையில், சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்த டேகில் உள்ள ஆட்ரிபியூட்களின் தொகுப்பு வந்து நிற்கும். அதன் பக்கத்தில் உள்ள சிறிய முக்கோணத்தைக் கிளிக் செய்தால், வேல்யூ என்ற பெயரையும் மதுரை என்ற மதிப்பையும் பார்க்கலாம். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்த பட்டியல், இங்கே உயிருள்ள பொருளாக உங்கள் முன் இருக்கிறது.

எழுதியது ஒன்று, இருப்பது ஒன்று

இப்போது சுவாரசியமான பகுதி. பக்கத்தில் உள்ள பாக்ஸில் மதுரையை அழித்து விட்டு திருச்சி என்று டைப் செய்யுங்கள். மீண்டும் கன்ஸோலுக்கு வந்து, டாலர் பூஜ்யம், புள்ளி, வேல்யூ என்று கேளுங்கள். திருச்சி என்று பதில் வரும். சரிதான். இப்போது கெட்ஆட்ரிபியூட் என்ற கட்டளையால் அதே வேல்யூவைக் கேளுங்கள். இடைவெளி இல்லாமல், ஆட்ரிபியூட்டின் முதல் எழுத்தை மட்டும் கேப்பிடலில் எழுதி, அடைப்புக்குறிக்குள் மேற்கோளுடன் வேல்யூ என்று தர வேண்டும். மதுரை என்றே பதில் வரும்!

ஒரே பெயர், இரண்டு பதில்கள். எது சரி? இரண்டும் சரி. பள்ளியில் சேர்க்கும்போது பதிவேட்டில் பையனின் உயரத்தை எழுதுகிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து பையன் வளர்ந்து விட்டான். பதிவேடு வளரவில்லை. பதிவேட்டில் உள்ளது ஆட்ரிபியூட். எதிரில் நிற்கும் பையனின் உயரம் ப்ராப்பர்ட்டி. டேகில் எழுதியது தொடக்க மதிப்பு. ஆப்ஜெக்டின் ப்ராப்பர்ட்டியில் இருப்பது இன்றைய மதிப்பு. படிவங்களில் ரீசெட் பட்டனை அழுத்தினால் பழைய மதிப்பு எப்படித் திரும்பி வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பதிவேட்டைப் பார்த்துத்தான்.

ஆனால் எல்லா ஆட்ரிபியூட்களும் இப்படிப் பிரிந்து நிற்பதில்லை. ஐடி, டைட்டில் போன்றவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றதும் உடனே மாறும். லிங்கின் ஹெச்ரெஃப் இன்னொரு வகை. ஆட்ரிபியூட்டைக் கேட்டால் டேகில் எழுதிய சுருக்கமான முகவரி கிடைக்கும். ப்ராப்பர்ட்டியைக் கேட்டால் பிரவுசர் கணக்கிட்ட முழு முகவரி கிடைக்கும். ஸ்டைல் என்பது ஆட்ரிபியூட்டாக ஒரு நீண்ட வரி. ப்ராப்பர்ட்டியாக அது நிறம், எழுத்தின் அளவு எனப் பல அறைகள் கொண்ட தனி ஆப்ஜெக்ட்.

புதியவர்களை மிகவும் குழப்புவது டிஸேபிள்ட் என்ற ஆட்ரிபியூட். ஒரு பட்டனை இயங்க வைக்க விரும்பி, டேகில் டிஸேபிள்ட் சமம் ஃபால்ஸ் என்று எழுதுவார்கள். பட்டன் இயங்காது. காரணம், அந்த ஆட்ரிபியூட் டேகில் இருந்தாலே போதும், பட்டன் முடங்கி விடும். மேற்கோளுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை பிரவுசர் பார்ப்பதே இல்லை. ஆனால் ஸ்கிரிப்டில் டிஸேபிள்ட் ப்ராப்பர்ட்டிக்கு ஃபால்ஸ் என்று கொடுத்தால் பட்டன் இயங்கத் தொடங்கும். பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு இது புதிர். ஆப்ஜெக்டாகப் பார்த்தவருக்கு இது சாதாரண விஷயம்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். 1996ல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 உடன் அது வெளிவந்தபோது, பக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் ஸ்கிரிப்ட் தொட முடியாது. படிவங்கள், லிங்குகள் போன்ற சிலவற்றை மட்டுமே தொடலாம். அதே ஆண்டு வந்த நேவிகேட்டர் 3ல் படங்களும் சேர்ந்தன. மவுஸைக் கொண்டு சென்றால் படம் மாறும் பட்டன்கள் அப்போதுதான் பரவின. படத்தின் எஸ்ஆர்சி ப்ராப்பர்ட்டியை மாற்றுவதுதான் அந்த வித்தை.

1997ல் மைக்ரோசாப்ட்டின் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 எல்லா டேகுகளையும் ஆப்ஜெக்டாகத் தொடும் வசதியைத் தந்தது. நெட்ஸ்கேப் 4 வேறு ஒரு வழியைத் தந்தது. ஒரே பக்கத்தை இரண்டு பிரவுசருக்கும் இரண்டு விதமாக எழுத வேண்டிய நிலை. இதைச் சரி செய்ய, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 அக்டோபரில் டாம் முதல் நிலை தரத்தை வெளியிட்டது. கெட்ஆட்ரிபியூட், செட்ஆட்ரிபியூட் ஆகிய கட்டளைகளும், ஆட்ரிபியூட்டே ஒரு ஆப்ஜெக்ட் என்ற வரையறையும் அதில் உள்ளன.

தரம் வந்த பின்னும் தொல்லை தீரவில்லை. கிளாஸ் என்பது ஜாவாஸ்கிரிப்டில் ஒதுக்கி வைக்கப்பட்ட சொல். எனவே ப்ராப்பர்ட்டிக்கு கிளாஸ்நேம் என்று பெயர் வைத்தார்கள். இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 வரை ஆட்ரிபியூட்டையும் ப்ராப்பர்ட்டியையும் ஒன்றாகவே நினைத்துக் கொண்டது. அதில் செட்ஆட்ரிபியூட் மூலம் கிளாஸ் என்று கொடுத்தால் ஒன்றும் நடக்காது. 2009ல் வந்த 8ஆம் பதிப்பில்தான் இது சரியானது. 2022 ஜூனில் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவையும் மைக்ரோசாப்ட் நிறுத்தியது. இன்று புதிதாகக் கற்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். நான் மேலே சொன்ன சோதனை குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும் ஒரே பதிலைத் தரும்.

பணம் பறிக்கும் வித்தை

இனி பாதுகாப்புக்கு வருவோம். தொலைபேசியில் ஒருவர் அழைக்கிறார். "நீங்கள் கட்டிய சந்தாவுக்கு 5,000 ரூபாய் திருப்பித் தர வேண்டியுள்ளது" என்கிறார். உங்கள் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் ஒரு சாப்ட்வேரை நிறுவச் சொல்கிறார். பிறகு பணம் வந்ததா என்று பார்க்க நெட் பேங்கிங்கில் நுழையச் சொல்கிறார். சில நொடிகள் திரை கறுப்பாகிறது. திரும்பி வரும்போது உங்கள் கணக்கில் 50,000 ரூபாய் கூடியிருக்கிறது. அழைத்தவர் பதறுகிறார். "ஐயோ, ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டு விட்டேன். என் வேலை போய் விடும். மீதி 45,000 ரூபாயைத் திருப்பி அனுப்பி விடுங்கள்" என்று கெஞ்சுகிறார். நேர்மையானவர்கள் உடனே அனுப்பி விடுவார்கள். இந்த மோசடி குறிவைப்பதே நேர்மையானவர்களைத்தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வயதானவர்கள் பலர் இதில் சேமிப்பை இழந்திருக்கின்றனர்.

உண்மையில் நடந்தது என்ன? திரை கறுப்பாக இருந்தபோது, அவர் உங்கள் பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, பேலன்ஸ் காட்டும் இடத்தில் உள்ள எண்ணை மாற்றி எழுதி விட்டார். அவ்வளவுதான். வங்கியின் சர்வரில் ஒரு பைசா கூட நகரவில்லை. துல்லியமாகச் சொன்னால் இங்கே மாறியது ஆட்ரிபியூட் அல்ல, டேகுக்கு நடுவில் உள்ள எழுத்து. ஆனால் அதுவும் அதே மரத்தில் உள்ள ஒரு ஆப்ஜெக்ட்தான். நீங்கள் மதுரையைத் திருச்சியாக மாற்றியது போலவே அவரும் மாற்றினார்.

மேலே சொன்ன சோதனையை ஒரு முறை செய்து பார்த்தவர் இதில் ஏமாற மாட்டார். திரையில் உள்ள எண், சர்வரில் உள்ள எண்ணின் நகல் மட்டுமே என்று அவருக்குத் தெரியும். பக்கத்தை எஃப்5 அழுத்தி மீண்டும் வரவழைத்தால் உண்மை எண் வந்து விடும் என்றும் தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்து விடாதீர்கள். சில மோசடிக்காரர்கள் உங்களுடைய ஒரு கணக்கிலிருந்தே மற்றொரு கணக்குக்குப் பணத்தை மாற்றி, புதிதாக வந்தது போல் காட்டுவார்கள். சந்தேகம் வந்தால் முதலில் இண்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வங்கிக் கிளையிலோ ஏ.டி.எம்.மிலோ கணக்கைச் சரி பாருங்கள். பணம் போய் விட்டது என்றால், இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

ஆபத்தான விளையாட்டு இல்லையா?

இதைச் சொல்லிக் கொடுப்பது ஆபத்து என்று சிலர் வாதிடுகின்றனர். சிறுவர்கள் மதிப்பெண் பக்கத்தில் எண்ணை மாற்றி ஸ்கிரீன்ஷாட் எடுக்க மாட்டார்களா? எடுப்பார்கள். ஆனால் இந்த வித்தை ஏமாற்ற நினைப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது ஏமாறுபவர்கள் மட்டும்தான். ஸ்கிரீன்ஷாட் ஒரு ஆதாரம் ஆகாது என்பதை எல்லோரும் அறிந்து கொண்டால், இந்த விளையாட்டுக்கு மதிப்பே போய் விடும்.

கன்ஸோலில் ஒரு உண்மையான ஆபத்து உண்டு. "இந்த வரிகளை காப்பி செய்து கன்ஸோலில் பேஸ்ட் செய்தால் மற்றவர் பாஸ்வேர்டு தெரியும்" என்று யாராவது சொல்வார்கள். பேஸ்ட் செய்தால் போவது உங்கள் கணக்குதான். அந்தப் பக்கத்தில் நீங்கள் செய்யக் கூடிய எல்லாவற்றையும் உங்கள் பெயரில் அந்த ஸ்கிரிப்ட் செய்து விடும். அதனால்தான் குரோமும் பயர்பாக்ஸும் முதல் முறை பேஸ்ட் செய்யும்போது எச்சரித்துத் தடுக்கின்றன. என் விதி எளியது. கன்ஸோலில் எதையும் பேஸ்ட் செய்யாதீர்கள். புரிந்ததை மட்டும் கையால் டைப் செய்யுங்கள். பழகுவதற்கு நீங்களே உருவாக்கிய பக்கத்தைப் பயன்படுத்துங்கள். வங்கிப் பக்கத்தில் பழக வேண்டாம்.

பாஸ்வேர்டு பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு பாக்ஸில் நட்சத்திரமோ புள்ளியோ தெரிவதற்குக் காரணம், அந்த டேகின் டைப் ஆட்ரிபியூட் பாஸ்வேர்டு என்று இருப்பதுதான். இன்ஸ்பெக்ட் செய்து அதை டெக்ஸ்ட் என்று மாற்றினால், உள்ளே இருப்பது அப்படியே தெரியும். அந்தப் புள்ளிகள் பூட்டு அல்ல, ஜன்னல் திரை மட்டுமே. அலுவலகத்திலோ பிரவுசிங் சென்டரிலோ பிரவுசர் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதற்கு இதை விட நல்ல காரணம் தேவையில்லை.

நாளை நீங்களே வெப்சைட் அமைக்கலாம். அப்போதும் இந்தப் பாடம் உதவும். மேக்ஸ்லெங்த், ரெக்வயர்ட், டிஸேபிள்ட், ஹிட்டன் என எதை எழுதி அனுப்பினாலும் பார்வையாளர் அதை நீக்க முடியும். ஆரம்ப கால ஆன்லைன் கடைகள் சில, பொருளின் விலையை மறைவான பாக்ஸில் வைத்து அனுப்பின. வாங்குபவர்கள் விலையை மாற்றித் திருப்பி அனுப்பினர். எனவே சர்வரிலும் கட்டாயம் சரி பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

கற்றுத் தருபவர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் நாளே பட்டியலைக் கொடுக்காதீர்கள். ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், ஒரு லிங்க், ஒரு படம், ஒரு பட்டன் ஆகிய நான்கை மட்டும் கொடுங்கள். ஒவ்வொன்றின் ஆட்ரிபியூட்களையும் மாணவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும். இன்று ரியாக்ட் போன்ற பெரிய லைப்ரரிகளில் நேரடியாகத் தொடங்குபவர்கள் அதிகம். வேலைக்கு அவை தேவைதான். ஆனால் அவையும் கடைசியில் தொடுவது இதே ஆப்ஜெக்டுகளைத்தான். அடியில் இருப்பதை அறியாதவர், டிஸேபிள்ட் பட்டன் ஏன் இயங்கவில்லை என்று அரை நாள் தேடுவார்.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: வரும் ஞாயிறு அரை மணி நேரம் ஒதுக்கி, மதுரை–திருச்சி சோதனையைச் செய்து பாருங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிறகு ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தின் தலைப்பை இன்ஸ்பெக்ட் செய்து அவர்கள் பெயரை எழுதிக் காட்டுங்கள். சிரிப்பார்கள். எஃப்5 அழுத்தி அது மறைவதையும் காட்டுங்கள். "திரையில் தெரிவதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், கணக்கில் உள்ளதை மாற்ற முடியாது" என்று அப்போது சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை அவர்கள் மறக்க மாட்டார்கள்.